காலை இழந்த முதிய நாய்களின் நடமாட்டப் பின்னடைவு

காலை இழந்த முதிய நாய்களின் நடமாட்டப் பின்னடைவு என்பது, அறுவை மூலம் ஒரு கால் அகற்றப்பட்டு, பின்னர் மூன்று கால்களில் நன்றாக நடந்து பழகிய நாய், வயது முதிர்ந்த நிலையில் மீண்டும் நடக்கச் சிரமப்படுவதைக் குறிக்கும். எழுந்திருக்கத் தயங்குதல், பாதி வழியில் உட்கார்ந்துவிடுதல், வழுக்கி விழுதல், படியேற மறுத்தல், காலை இழுத்து நடத்தல் ஆகியவை இதன் பொதுவான அடையாளங்கள். பலர் இதை இல்லாத காலின் விளைவு என்றோ முதுமையின் இயல்பு என்றோ எண்ணி விட்டுவிடுகின்றனர். பெரும்பாலான பின்னடைவுகளுக்கோ, எஞ்சியிருக்கும் மூன்று கால்களிலோ முதுகெலும்பிலோ உடலின் பொதுநிலையிலோ கண்டறியக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. அவற்றுள் பல மருத்துவத்துக்குக் கட்டுப்படுபவை.

இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரத்தின் மணல், வெயில், முட்செடி, மீன்பிடிக் கழிவு ஆகியவை இத்தகைய நாய்களுக்குத் தனிச் சிக்கல்களைத் தருகின்றன.

கால் அகற்றப்படும் சூழ்நிலைகள்

வாகன விபத்தில் எலும்பு சிதைதல், நரம்பு அறுபட்டுக் கால் செயலிழத்தல், ஆறாத புண்ணால் திசு அழுகுதல், எலும்புப் புற்றுநோய் ஆகியவை நாயின் காலை அகற்றுவதற்கான முக்கியக் காரணங்கள். கடலோரத்தில் கைவிடப்பட்ட வலைத் துண்டுகளும் தங்கூசி இழைகளும் காலில் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடுவதும் உண்டு.

மருத்துவர்கள் பொதுவாகக் காலைப் பாதியில் வெட்டி நிறுத்துவதில்லை. முன்கால் என்றால் தோள்பட்டை எலும்போடும், பின்கால் என்றால் தொடையின் மேற்பகுதியிலோ இடுப்பு மூட்டிலோ அகற்றுவர். குறைக்கால் மிஞ்சினால் நாய் அதை ஊன்ற முயன்று தரையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மனிதருக்குப் பொருத்துவது போன்ற செயற்கைக் கால் பெரும்பாலான மூன்று கால் நாய்களுக்குப் பொருந்தாமல் போவதற்கும் இதுவே காரணம். அதைப் பிடித்து நிறுத்தப் போதிய காற்பகுதி இருப்பதில்லை.

அறுவைக்குப் பின் பல நாய்கள் ஓரிரு நாட்களில் எழுந்து நிற்கின்றன. சில வாரங்களில் புதிய நடைக்குப் பழகிவிடுகின்றன. வயதான நாய்க்கும் இது இயலும். ஆனால் அது பழகியிருக்கும் நடையில் விட்டுக்கொடுக்க அதிக இடம் இல்லை.

எடை இடம் மாறுதல்

நான்கு கால்களில் நிற்கும் நாயின் உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்கால்களும் தாங்குகின்றன. அதாவது ஒவ்வொரு முன்காலுக்கும் சுமார் 30 விழுக்காடு, ஒவ்வொரு பின்காலுக்கும் சுமார் 20 விழுக்காடு.

முன்கால் ஒன்று போனால், எஞ்சிய முன்கால் தனியாக உடல் எடையில் ஏறத்தாழ பாதியைச் சுமக்க வேண்டியிருக்கும். பின்கால் ஒன்று போனால், எடையில் பெரும்பகுதி முன்னோக்கி நகர்ந்து, இரு முன்கால்களும் சேர்ந்து ஏறத்தாழ முக்கால் பங்கைத் தாங்குகின்றன. இதனால் முன்காலை இழந்த நாய்க்கு நடப்பதும் சரிவில் இறங்குவதும் கடினம். பின்காலை இழந்த நாய்க்குப் படியேறுவதும் தாவுவதும் கடினம்.

இந்தக் கூடுதல் சுமை நாள்தோறும் சேர்கிறது. நான்கு வயதில் காலை இழந்த நாய்க்குப் பத்து வயதாகும்போது, எஞ்சிய முன்காலின் மணிக்கட்டு ஆறு ஆண்டுகளாக அளவுக்கு மீறி உழைத்திருக்கும். உடல் பருத்த நாய்களில் இந்தத் தேய்வு முன்னதாகவே தெரியத் தொடங்கும். இராமநாதபுரம் பகுதியின் மண்டை நாய் போன்ற கனத்த உடற்கட்டுள்ளவற்றுக்கு, சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெலிந்த நாய்களைவிடக் கால்மேல் விழும் பாரம் அதிகம்.

மெல்ல வரும் பின்னடைவு

மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வரும் பின்னடைவுக்கு மூட்டுத் தேய்வே முதற்காரணம். காலையில் எழும்போது விறைப்பாக இருந்து, சற்று நடந்தபின் இலகுவாவது இதன் அடையாளம். முன்கால் மணிக்கட்டு கீழ்நோக்கித் தாழ்ந்து, பாதம் தட்டையாக ஊன்றப்படுவதும் நீண்டகாலச் சுமையின் விளைவு.

இரண்டாவது, தசை மெலிதல். முதுமையில் தசை இயல்பாகவே குறையும். வலியால் நாய் நடையைக் குறைத்தால் தசை மேலும் குறையும்; தசை குறைந்தால் மூட்டுக்குத் துணை இல்லாமல் வலி கூடும். இந்தச் சுழலை உடைப்பதே மருத்துவத்தின் நோக்கம்.

மூன்றாவது, உடற்பருமன். வீட்டில் மிஞ்சிய சோறும் மீனும் உண்டு, ஓடியாட முடியாமல் படுத்திருக்கும் நாய் எளிதில் பருக்கிறது. விலாவில் கையை வைத்து மெல்லத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கின்றன என்றால் எடை அதிகம். மூன்று கால் நாய்க்கு எடையைக் குறைப்பது, வலி மருந்துக்கு இணையான பயன் தரக்கூடியது.

நகம் நீண்டு பாதத்தைத் தூக்கிவிடுவது, பார்வை மங்குவது, முதுகெலும்பு வட்டுகள் தேய்வது ஆகியனவும் மெல்ல வருபவையே.

திடீரென வரும் பின்னடைவு

நேற்றுவரை நடந்த நாய் இன்று எழவில்லை என்றால் அதை முதுமை என்று கொள்ளலாகாது. முதுமை ஒரே இரவில் வருவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது பாதத்தை.

இராமநாதபுரம் மாவட்டத்தில் வேலிக்காத்தான் எனப்படும் சீமைக்கருவேலம் பரவலாக உள்ளது. அதன் முள் பாதத் திண்டில் ஏறி உள்ளேயே முறிந்துவிடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும். நான்கு கால் நாய் முள் ஏறிய காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்றில் நடந்துவிடும். மூன்று கால் நாய்க்கு அந்த வசதி இல்லை. ஒரு முள் அதை முழுவதுமாகப் படுக்க வைத்துவிடும். கடற்கரையில் கிடக்கும் தூண்டில் முள், உடைந்த சிப்பி, கண்ணாடித் துண்டு ஆகியவையும் இவ்வாறே.

அடுத்தது உண்ணி வழிப் பரவும் நோய்கள். பழுப்பு நாய் உண்ணி கடத்தும் எர்லிச்சியா நோயில் காய்ச்சல், பசியின்மை, சோர்வு ஆகியவற்றோடு மூட்டு வலியும் வரலாம். இரத்தத் தட்டணுக்கள் குறையும். இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து, உரிய காலத்தில் டாக்ஸிசைக்ளின் மருந்து தொடங்கினால் பல நாய்கள் தேறுகின்றன. கால் இல்லாததால்தான் நடக்கவில்லை என்று இருந்துவிட்டால் இந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

பின்கால் ஒன்றே உள்ள நாய்க்கு முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்தால் பின்னுடல் சட்டெனச் சரியும். முதுகுவட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் உணர்விழக்கும். இது அவசர நிலை. மணிக்கணக்கில் தாமதிப்பதும் ஆபத்து. எலும்புப் புற்றுநோய்க்காகக் கால் எடுக்கப்பட்ட நாயில், புற்று நுரையீரலுக்கோ மற்ற எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மருத்துவரிடம் செல்லுமுன் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்வது உதவும்: பின்னடைவு எந்த நாளில் தொடங்கியது, எழும்போது சிரமமா நடக்கும்போது சிரமமா, எந்த வகைத் தரையில் விழுகிறது, உணவும் சிறுநீரும் வழக்கம்போல் உள்ளனவா என்பன. நாய் நடப்பதையும் எழுவதையும் கைப்பேசியில் படம்பிடித்துச் செல்வது நல்லது. மருந்தகத்தின் புதிய சூழலில் பயத்தால் நாய் தன் நடையை மாற்றிக்கொள்ளும்.

நரம்புக் கோளாற்றை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நாயைத் தாங்கிப் பிடித்து நிறுத்தி, ஒரு பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தால், நலமான நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றும். அப்படியே விட்டுவிட்டால் நரம்புப் பாதிப்பை ஐயுற வேண்டும். நகங்களின் மேற்புறம் தேய்ந்திருப்பதும் காலை இழுத்து நடப்பதற்கான சான்று.

மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுப்பது கடும் தீங்கு விளைவிக்கும். இபுப்ரோஃபென், டைக்குளோஃபினாக் ஆகியவை நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். நாய்க்கு உகந்த வலி மருந்தையும் அதன் அளவையும், முதிய நாயின் சிறுநீரகம், கல்லீரல் நிலையைப் பார்த்து மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

பராமரிப்பு

வழவழப்பான ஓட்டுத் தரையும் மொசைக் தரையும் மூன்று கால் நாய்க்குப் பெரும் இடர். படுக்கை, உணவுத் தட்டு, வாசல் ஆகியவற்றை இணைக்கும் வழியில் தென்னைநார் விரிப்போ நகராதபடி கட்டிய சாக்கோ போட்டால் போதும். ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் அந்த இடத்தைக் கடக்கவே அஞ்சும். விரிப்பு அந்த அச்சத்தையும் போக்கும். முன்கால் இல்லாத நாய்க்கு உணவுத் தட்டைச் சற்று உயர்த்தி வைக்கலாம்.

நடையைப் பொறுத்தவரை, ஒரே நீண்ட நடையைவிட நாளில் மூன்று நான்கு குறுநடைகள் மேல். எழ உதவ, மடித்த துண்டையோ பழைய கைலியையோ வயிற்றின்கீழ் கொடுத்துத் தூக்கலாம். அறுவைத் தழும்பின்மேல் அது அழுந்தக்கூடாது.

உலர்ந்த பொடிமணலில் பாதம் புதைவதால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் உழைப்பு தேவை. தனுஷ்கோடிப் பக்கத்து மணல்வெளிகளில் நாயை நடத்துவதைவிட, அலை ஒதுங்கிய ஈரமணலில் நடத்துவது எளிது. பகல் வெயிலில் தார்ச்சாலையும் மணலும் பாதத்தைச் சுடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயை நடத்தக்கூடாது. மூன்று கால் நடை தாவலாக இருப்பதால் உடற்சூடு விரைவில் ஏறும். விடியற்காலையும் அந்திப் பொழுதும் ஏற்றவை.

நீரில் உடல் மிதப்பதால் மூட்டுகளுக்குச் சுமையில்லாமல் தசை வலுப்பெறும். இராமேசுவரம் தீவில் பாக் நீரிணைப் பக்கக் கடலை அதன் அமைதி கருதிப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வர். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெண்கடலும் கொந்தளிக்கும். புண் முழுதும் ஆறிய நாயை, மருத்துவர் ஒப்புதலோடு, கழுத்துப்பட்டை தவிர்த்து மார்புப் பட்டை கட்டி, ஆள் கூடவே நிற்க, மார்பளவு நீரில் சில நிமிடங்கள் மட்டும் விடலாம். சொறிமுட்டை மிதக்கும் நாட்களைத் தவிர்க்க வேண்டும். கடல்நீரைக் குடிக்க விடக்கூடாது. கரையேறியதும் நன்னீரால் கழுவ வேண்டும்.

பின்னுடல் முற்றிலும் தளர்ந்த நாய்களுக்குச் சக்கர வண்டி உதவும். அது சிமென்ட் தரையிலும் தார்ச்சாலையிலும் நன்கு ஓடும், மணலில் புதையும்.

மருத்துவ வசதி

அரசு கால்நடை மருந்தகங்களில் முதற்கட்டச் சோதனை செய்துகொள்ளலாம். அறுவை வல்லுநர் தேவைப்படும் நோயாளிகளுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் உள்ளவை இக்கடலோரத்திலிருந்து செல்லக்கூடியவை. இராமேசுவரம் தீவிலிருந்து இவற்றுக்குச் செல்வது, பாம்பன் பாலம் கடந்து பல மணி நேரம் ஆகும் பயணம். ஆகவே நாய் படுத்துவிடும்வரை காத்திராமல், சிறு மாற்றத்தின்போதே காட்டுவது பயணத்தையும் செலவையும் வலியையும் குறைக்கும்.

தெருநாய்களின் நிலை

தெருவில் வாழும் மூன்று கால் நாய்க்கு விரிப்போ எடைக் கட்டுப்பாடோ இல்லை. முதுமையில் நடை தளரும்போது அது வாகனத்தைத் தவிர்க்க முடியாமலும், மற்ற நாய்களிடம் தன் இடத்தை இழந்தும் தவிக்கிறது. உணவளிப்போர் நிழலும் நீரும் உள்ள, சாலையிலிருந்து விலகிய ஒரே இடத்தில் உணவு வைத்தால் அது அலைய வேண்டியிருக்காது. உணவு வைக்கும்போதே பாதத்தையும் உண்ணிகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவெடுத்தல்

காரணம் கண்டறிந்து மருத்துவம் செய்தும் நாய் தேறாத நிலை வரலாம். அப்போது எடுக்கும் முடிவை எளிதாக்க, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியாக உள்ளனவா என்பது ஆகிய ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் வாழ்வு ஏற்கத்தக்க நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும்.

இந்த ஏழில் நடமாட்டம் ஒன்றுதான். வலி கட்டுக்குள் இருந்து, விருப்பத்தோடு உண்டு, வீட்டாரின் குரலுக்கு வாலாட்டும் நாய், அதிக தூரம் நடக்காவிட்டாலும் நல்வாழ்வு வாழக்கூடும். மாறாக, தணியாத வலியோடு உணவையும் மறுக்கும் நாயை வலியின்றி விடைபெறச் செய்வது பற்றி மருத்துவரோடு பேசுவது கொடுமையாகாது. ஆனால் முள்ளையும் உண்ணிக் காய்ச்சலையும் தேய்ந்த மூட்டையும் தேடிப் பார்த்த பிறகே அந்தக் கேள்விக்கு வர வேண்டும்.