தீயில் போவதும் சாம்பலில் எஞ்சுவதும்

தை, மாசி மாதங்களில் நெல் அறுவடை முடிந்ததும், வெங்காயமும் மிளகாயும் எடுத்து நிலத்தை மறுபயிருக்குத் துப்புரவாக்கும் காலத்திலும், அச்சுவேலிப் பகுதியின் வயல்களிலும் தோட்டங்களிலும் குப்பை எரியும் புகையைக் காணலாம். இடம் விரைவிற் சுத்தமாகின்றது, கைக்காசு செலவில்லை. ஆயினும், செலவற்றதென நாம் எண்ணும் அத்தீயினால் மண்ணுக்கு நேரும் நட்டம் எவ்வளவு என்பதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அதற்குப் பொருள் எரியும்போது நிகழ்வது யாதென முதலில் விளங்கிக்கொள்வோம்.

எரிதல் என்பது யாது?

வைக்கோல், உமி, பனையோலை, விறகு ஆகிய யாவும் பெரும்பாலும் காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூலகங்களால் ஆனவை. உலர்ந்த தாவரப் பொருளில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பங்கு வரை காபனாகும். பயிர் இதனை வளியிலிருந்தே பெற்றது. எரியும்போது காபன் மீண்டும் வளியிலுள்ள ஒட்சிசனுடன் கூடிக் காபனீரொட்சைட்டு என்னும் வாயுவாகிச் செல்கின்றது. 12 கிலோ காபன் முற்றாக எரிவதற்கு 32 கிலோ ஒட்சிசன் வேண்டும். கிடைப்பது 44 கிலோ காபனீரொட்சைட்டு. எரிதல் என்பது ஒட்சிசனுடன் கூடுதலே என்னும் இவ்வுண்மையை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் இலவோசியே, காலம் 1770களாகும்.

எரிதல் மூன்று படிகளில் நிகழும்.

1. முதலிற் பொருளிலுள்ள ஈரம் ஆவியாகின்றது. ஈரக் குப்பை புகைந்துகொண்டேயிருப்பதற்குக் காரணம், வெப்பத்திற் பெரும்பகுதி இதற்கே செலவாவதாகும்.

2. வெப்பம் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசை அடைந்ததும் பொருள் சிதைந்து, எரியத்தக்க வாயுக்களை வெளிவிடுகின்றது. நாம் காணும் சுவாலை இவ்வாயுக்கள் எரிவதேயாகும்.

3. வாயுக்கள் நீங்கியபின் எஞ்சுவது கரி. அது சுவாலையின்றித் தணலாக எரிந்து, ஈற்றிற் சாம்பலை மட்டும் விட்டுச்செல்கின்றது.

வளி தாராளமாகக் கிடைத்தால் முடிவு சாம்பல். இரண்டாம் படி முடிந்ததும் வளியைத் தடுத்துவிட்டால் முடிவு கரி. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

புகையோடு போகும் பசளை

உலர்ந்த வைக்கோல் ஆயிரம் கிலோவில் ஏறக்குறைய 6 கிலோ நைதரசன் உண்டு. இது 13 கிலோ யூரியாவில் உள்ள அளவாகும். வைக்கோலை எரித்தால் இந்நைதரசன் அனேகமாக முழுவதும் வாயுவாகிப் போய்விடும். கந்தகத்திலும் ஒரு பகுதி போய்விடும். பொற்றாசியம், பொசுபரசு, கல்சியம் முதலியன பெரும்பாலும் சாம்பலில் எஞ்சினும், காற்றும் மழையும் அவற்றிற் கணிசமான பங்கைக் கொண்டுசெல்லும். எல்லாவற்றினும் மேலாக, மண்ணுக்குச் சேரவேண்டிய சேதனப் பொருள் அழிந்துபோகின்றது. சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நமது செம்மண் நீரை விரைவில் வடியவிடும் இயல்பினது. கிணற்றுநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய நமக்குச் சேதனப் பொருளின் இழப்பு இரட்டை நட்டமாகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, தோட்டத்துக் குப்பையின் பெறுமதியைப் பலரும் உணர்ந்தனர்.

வேலியிலிருந்து கழித்த பழைய பனையோலையைத் தோட்டத்திற் புதைத்த நம் முன்னோர் செயல் இவ்வகையில் மிக அறிவுடையது. வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகி எருவாகத் திரும்புதல் நன்று. எஞ்சியதையும் சருகுகளையும் கூட்டெருவாக்குக, அல்லது பயிருக்கு மூடுபடையாக இடுக. வைக்கோலை நேரே மண்ணில் உழுவதாயின் விதைப்பதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்னரே உழுதல் வேண்டும். பிந்தினால், அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளிக்கும். வாடல்நோய் கண்ட கத்தரி, தக்காளிச் செடிகளை மாத்திரம் வேரோடு பிடுங்கி எரித்துவிடுக.

உமிக்கரி செய்தல்

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய இருபது கிலோ உமி கிடைக்கும். அது எளிதில் உக்காது. முற்றாக எரித்தால் ஐந்திலொரு பங்களவு சாம்பலே மிஞ்சும். அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. கரியாக்கினாலோ காபனில் ஒரு பகுதி மண்ணில் நெடுங்காலம் நிலைத்து நின்று, நீரையும் போசணையையும் பிடித்துவைக்கும். செய்முறை வருமாறு:

1. பக்கமெங்கும் துளையிட்ட தகரமொன்றின் மேல் புகைபோக்கிக் குழாயைப் பொருத்துக.

2. தகரத்தினுள் சிரட்டை, விறகிட்டுத் தீமூட்டி, அதனைச் சூழ உமியைக் குவிக்குக.

3. கருமை வெளிப்புறம் நோக்கிப் பரவும்போது, கருகாத உமியை மேலே தள்ளி மூடுக.

4. குவியல் முழுவதும் கறுத்ததும், வெண்சாம்பல் தோன்றுமுன் நீரூற்றி அணைக்குக. உள்ளே தணல் எஞ்சாதபடி கிளறிப் பார்த்தல் அவசியம்.

இக்கரியை எருவுடன் கலந்து நாற்றுமேடைக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் இடலாம்.

சாம்பலைக் கையாளுதல்

சாம்பலிலுள்ள பொற்றாசியம் நீரிற் கரைவதால் அதனை நனையாத இடத்தில் வைத்தல் வேண்டும். சாம்பல் காரத்தன்மை உடையது. ஆதலால் யூரியா, அமோனியம் சல்பேற்று, புதுச் சாணம் ஆகியவற்றுடன் அதனைக் கலத்தலாகாது. கலந்தால் நைதரசன் அமோனியாவாக வெளியேறும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மிகையாக இடுதலும் தகாது.

உயிருக்கு ஓர் எச்சரிக்கை

வளி போதாத இடத்தில் காபன் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் செந்நிறப் பொருளுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட பற்றுடன் இணைந்து அது உயிரைப் போக்கும். எனவே தணற்சட்டியை மூடிய அறையினுள் வைத்து உறங்குதல் ஒருபோதும் கூடாது. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டதென்று எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதலும் கூடாது. அவ்வியந்திரத்தினுள் எரிவதும் காபன் பொருளே. அதன் புகை கிணற்றிலேயே தங்கும். கிணற்றினுள் ஒருவர் மயங்கி விழுந்தால், மற்றவர் உடனே தாமும் இறங்குதலாகாது. உதவி அழைத்து, இயந்திரத்தை நிறுத்துதல் இயலுமாயின் மேலிருந்தே நிறுத்துக.

கமக்காரரே, குப்பைக்குத் தீக்குச்சி கிழிக்குமுன் ஒருகணம் சிந்தியுங்கள். உக்கக்கூடியதை உக்கவிடுங்கள், உக்காத உமியைக் கரியாக்குங்கள், நோயுற்றதை மட்டும் எரியுங்கள். நிலம் தந்ததை நிலத்துக்கே திருப்பிக் கொடுப்பவன் நிலத்துக்குக் கடனாளியாகான்.