கொசுக் காய்ச்சலுக்குத் துப்புச் சொல்லும் ஆந்தையும் பருந்தும்

வயலில் எலி பிடிக்கும் ஆந்தை குடியானவர்களின் நண்பன் என்பது தெரிந்ததே. ஆந்தை, பருந்து போன்ற ஊன் உண்ணும் பறவைகள் மற்றோர் உதவியும் செய்கின்றன. கொசு பரப்பும் மூளைக் காய்ச்சல் ஒரு வட்டாரத்தில் நடமாடுகிறதா என்பதை இவற்றின் இரத்தத்தைப் பார்த்து அறிகிறார்கள்.

'வெஸ்ட் நைல்' வைரஸ் 1937-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்டது. கியூலெக்ஸ் கொசு இதைப் பறவைக்குப் பறவை கொண்டு செல்கிறது. மனிதனுக்கும் குதிரைக்கும் நோய் வரலாம். ஆனால் அவர்களிடமிருந்து கொசுவுக்கு மீண்டும் தொற்றும் அளவுக்கு வைரஸ் பெருகுவதில்லை. எனவே தேட வேண்டிய இடம் பறவைகளே.

1999-ல் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. மக்களுக்கும் மூளைக் காய்ச்சல் கண்டது. இரண்டும் ஒரே நோய் எனத் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. ஹங்கேரியில் 2004-ல் இறந்த வல்லூறுக் குஞ்சு ஒன்றில் இந்த வைரஸின் வேறொரு கிளை அகப்பட்டது. 2010-ல் கிரீஸில் அதே கிளை மக்களைத் தாக்கி, 35 பேர் மாண்டனர். பறவை ஆறு ஆண்டுகள் முந்திக்கொண்டது!

இப்பறவைகளுக்குக் கொசுக்கடியால் மட்டுமல்ல, நோயுற்ற இரையைத் தின்பதாலும் தொற்று வருகிறது. பிழைத்தவற்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நெடுநாள் தங்கும். அடிபட்டுச் சிகிச்சைக்கு வரும் பறவையின் இறக்கை நரம்பில் சிறிது இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். இறந்ததாயின் மூளை, சிறுநீரகம் முதலியவற்றில் வைரஸைத் தேடுவார்கள்.

நமக்கும் இதில் அக்கறை உண்டு. கேரளத்தின் ஆலப்புழையில் 2011-ல் வெஸ்ட் நைல் காய்ச்சல் கண்டது. இதன் பங்காளியான ஜப்பானிய மூளைக் காய்ச்சல் 1955-லேயே வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. அதில் கொக்கும் பன்றியும் வைரஸைப் பெருக்குகின்றன. கொசுவோ நெல் வயலில் தேங்கிய நீரில் பிறக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் கொசுப்புழு முதிருமுன் மடியும், தண்ணீரும் மிச்சம். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன். பன்றிக் கொட்டிலை வீட்டை விட்டுத் தள்ளி அமைப்பது நலம்.

ஆந்தையோ பருந்தோ தள்ளாடிக் கிடந்தால் உடனே வைரஸ் என்று அஞ்ச வேண்டாம். எலி மருந்து தின்ற எலியை உண்டதாலும் அப்படி நேரலாம். எதுவாயினும் வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறை அலுவலகத்துக்கோ தெரிவிக்கவும்.