பந்து போடும் பையனுக்கு முதுகு வலிக்கிறதா?

முழுப் பரீட்சை முடிந்தால் போதும், விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பையன்கள் காய்ந்து கிடக்கும் கண்மாய்க்குள் ஸ்டம்பை நட்டுவிடுவார்கள். சாப்பிடத்தான் வீடு. ஒருநாள் ராத்திரி, "அம்மா, இடுப்புகிட்ட வலிக்குதும்மா" என்பான். "நாள் பூரா வெயில்ல ஆடினா வலிக்காம என்ன செய்யும்? தைலத்தைத் தேச்சுக்கிட்டுப் படு" என்போம். வேகப்பந்து போடுகிற பையன் என்றால் அப்படி விட்டுவிடக் கூடாது.

பந்தின் வேகம் கையிலிருந்து வருவதாக நினைக்கிறோம். அது காலில் ஆரம்பிக்கிறது. நம்ம ஊர் சரவெடி மாதிரிதான். ஓடிவந்து முன்காலை ஊன்றியதும் ஓட்டத்தின் விசை இடுப்புக்கு ஏறும். இடுப்பு திரும்பும், மார்பு திரும்பும், தோள் சுழலும், கடைசியில் மணிக்கட்டும் விரல்களும். நடுவில் ஒன்று பிசகினால் சரம் அணைந்துபோகும். உடம்பு அப்படி நிற்காது. அடுத்த மூட்டு அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்கும்.

முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப்போல 5 மடங்குக்கும் மேலான விசை காலில் ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறு திசையையும் பார்த்தபடி போடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். கீழ்முதுகு எலும்பில் மயிரிழை விரிசல் விழும். வலதுகைக்காரருக்குப் பெரும்பாலும் இடதுபக்கம். வளரும் வயதில் எலும்பு முழுசாக இறுகியிருக்காது. கண்மாய்த் தரையோ கல் மாதிரி, காலில் செருப்புகூட இருக்காது!

2004 பாகிஸ்தான் பயணத்தில் கொடிகட்டிப் பறந்த நம் லட்சுமிபதி பாலாஜியை முடக்கிப் போட்டதும் இதே முதுகு விரிசல்தான். வீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, 2008-ல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார்.

சுழற்பந்து முதுகுக்கு இலேசு. ஆஃப் ஸ்பின்னில் ஆள்காட்டி விரல் கதவுக் குமிழை வலப்பக்கம் திருகுவதுபோல் வேலை செய்யும். லெக் ஸ்பின்னில் மணிக்கட்டு எதிர்ப்பக்கம் திரும்பும். அஸ்வின் போட்ட கேரம் பந்து, தெருவில் டென்னிஸ் பந்தில் போடும் 'சொடுக்கு'தான். கட்டை விரலும் நடுவிரலும் பிடிக்க, நடுவிரல் சுண்டிவிடும். இவர்களுக்குத் தோளும் விரல்களும்தான் தேயும்.

எல்லைக் கோட்டிலிருந்து எறிவது தனிக் கதை. முழங்கையை மடக்கி விசிறுவதால், பேஸ்பால் ஆடும் சிறுவர்களுக்கு வருவதுபோல முழங்கையின் உட்பக்கம் வலி வரும்.

பந்து போடும்போது கூடி, ஓய்வில் குறைந்து, மறுபடி போட்டால் திரும்பி வருகிற ஒருபக்க முதுகுவலி என்றால் எலும்பு டாக்டரிடம் போங்கள். சாதா எக்ஸ்ரேயில் ஆரம்ப விரிசல் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். விரிசல் என்றால் மாதக்கணக்கில் பந்தைத் தொடக் கூடாது. பையன் முகம் தொங்கத்தான் செய்யும். பேட்டிங் எப்போது ஆடலாம் என்றும் டாக்டரையே கேளுங்கள்.

இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று வரம்பு வைத்தார்கள். நம் கண்மாயில் எண்ணுவது யார்? ராத்திரி சோறு போடும்போது, "இன்னிக்கு எத்தனை ஓவர்டா போட்டே?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.