பழைய தலைநகரமும் கொலை விகிதமும்: வகுக்கும் எண்ணைப் பாருங்க

அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலைநகரங்களை வரிசையா எழுதினா ஒரு விஷயம் கண்ணில் படும். சுதந்திரப் போர் சமயத்தில், 1776 டிசம்பரில், காங்கிரஸ் இடம் மாறி வந்து கூடிய பால்டிமோர், 1790 முதல் 1800 வரை தலைநகரா இருந்த பிலடெல்பியா, அதுக்கப்புறம் வாஷிங்டன். மூணுமே கொலைக்குப் பேர்போன ஊர்கள். 2019இல் பால்டிமோரில் 348 கொலைகள், அதாவது லட்சம் பேருக்குச் சுமார் 58. 2021இல் பிலடெல்பியாவில் 562 கொலைகள். வாஷிங்டனில் 1991இல் விகிதம் 80 வாக்கில் இருந்தது.

அப்போ தலைநகரா இருந்த ஊருக்கெல்லாம் ஏதாவது சாபமா? அப்படிச் சொல்ல முடியாது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்ற நியூயார்க்கும் தலைநகரம்தான். 2019இல் அங்கே விகிதம் 4-க்கும் கீழே.

கொலை விகிதம்ங்கறது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே கொலைகளின் எண்ணிக்கை, கீழே ஜனத்தொகை. நாம மேலே இருக்கறதை மட்டும் பாக்கறோம். பால்டிமோர் நகரம் 1851இல் சுற்றியிருந்த கவுண்டியிலிருந்து பிரிஞ்சுது. பிறகு வசதியானவங்க குடிபோன புறநகர்கள் நகரக் கணக்கில் வராது. நியூயார்க்கோ 1898இல் புரூக்ளின், குயின்ஸ் எல்லாத்தையும் உள்ளே சேத்துக்கிச்சு. பால்டிமோரில் போன உயிர்கள் நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனா ரெண்டு ஊரையும் ஒப்பிடும்போது எல்லைக்கோடும் சேர்ந்துதான் பேசுது.

இந்தியாவிலும் இதே கதைதான். பாடலிபுத்திரம்ங்கற இன்றைய பாட்னா, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019 அறிக்கையில் 19 பெருநகரங்களில் கொலை விகிதத்தில் முதலிடம். ஆனா அந்த விகிதமே 5-ஐ ஒட்டித்தான். 1911 வரை தலைநகரா இருந்த கொல்கத்தா பட்டியலின் அடியில். இந்தக் கணக்கில் பெருநகரங்களுக்கு எடுக்கற ஜனத்தொகை 2011 சென்சஸுடையது. கொல்கத்தாவுக்கு ஹவுராவையும் சேர்த்த 1 கோடியே 41 லட்சம். வேகமா வளர்ற ஊருக்குப் பழைய எண்ணால் வகுத்தா விகிதம் கூடுதலாத்தான் தெரியும்.

நம்ம பக்கம் வருவோம். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதுவும் பழைய தலைநகரம். அதுக்குப் பக்கத்து வத்தல்மலையில் 4,000 பேர் இருக்காங்கன்னு கணக்குக்காக வெச்சுக்குவோம். ஒரு வருஷத்தில் ஒரே ஒரு கொலை நடந்தா விகிதம் 25. பாட்னாவைப் போல அஞ்சு மடங்கு! அடுத்த ஒன்பது வருஷம் ஒண்ணுமே நடக்கலைன்னா, பத்து வருஷச் சராசரி 2.5. மலையும் அதேதான், மக்களும் அதே மக்கள்தான்.

ஆனா அந்த 25 மட்டும் தலைப்புச் செய்தியாயிட்டா, மலையிலிருந்து இறங்கி வேலை தேடற பையன்தான் அதைச் சுமக்கணும். "அந்த ஊரா?"ன்னு ஒரு கேள்வி போதும்.

அதனால "கொலை நகரம்"னு பட்டியல் வந்தா மூணு கேள்வி கேளுங்க: எல்லை எது, ஜனத்தொகை எந்த வருஷத்துது, எத்தனை வருஷச் சராசரி? மூணுக்கும் பதில் இல்லாத பட்டியலை ஃபார்வர்டு பண்ணாதீங்க.