பந்தல் போட்டவரா? பணம் கட்டி வந்தவரா?



இரண்டு அணியும் பேசி முடித்துவிட்டார்கள். "ஒரு தொழில்நுட்பக் கம்பெனி தன் செலவில் நடத்துகிற கண்காட்சியில் போட்டிக் கம்பெனிக்கு இடம் தரக்கூடாது" என்று ஓர் அணி. "தருவதுதான் அறிவு" என்று மற்றோர் அணி. நடுவில் நான். நிகழ்ச்சி தொடங்கும் முன்னால் ஓர் அம்மா என்னிடம் வந்து, "ஐயா, மாமியாரா மருமகளான்னு தலைப்பு வெச்சா எங்களுக்குப் புரியும். இது கம்ப்யூட்டர்காரங்க சண்டை, நமக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "அம்மா, இதுவும் அந்தச் சண்டைதான். சமையல்கட்டு யாருதுங்கிறதுதான் கேள்வி." (சிரிப்பு)

நமக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் பேங்கில் போட்ட பணத்தின் கணக்கு, ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன், பிள்ளையின் பரீட்சை மார்க்கு, எல்லாமே இன்றைக்கு எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த மென்பொருள் வாங்குவது என்று ஒருவர் முடிவு எடுக்கிறார். புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். அந்த மனிதர் நாலு கடைச் சரக்கை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இருக்கிற இடம் இந்தக் கண்காட்சிதான். அங்கே யாருக்கு ஸ்டால் உண்டு, யாருக்கு இல்லை என்பது அவருடைய முடிவைப் பாதிக்கும். அவருடைய முடிவு நம்மைப் பாதிக்கும்.

முதல் அணித் தலைவர் நல்லதோர் உதாரணத்தோடு தொடங்கினார். வி.எம்.வேர் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. 1998-இல் தொடங்கியது. அவர்கள் செய்த காரியத்தை எளிமையாகச் சொல்கிறேன். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம் தெரியும் அல்லவா? ஒரே பெரிய வீடு, உள்ளே எட்டுக் குடித்தனம், எட்டு அடுப்பு. ஆளாளுக்குத் தனி வீட்டில் இருக்கிற நினைப்பு. அதுபோல ஒரே கம்ப்யூட்டரைத் தடுத்து, உள்ளே பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோலச் செய்கிற மென்பொருள் அது. பத்துப் பெட்டி வாங்குகிற இடத்தில் ஒரு பெட்டி போதும். மின்சாரச் செலவும் மிச்சம். உலகமே அதை வாங்கியது.

அந்தக் கம்பெனி ஆண்டுதோறும் வி.எம்.வேர்ல்டு என்று ஒரு பெரிய மாநாடும் கண்காட்சியும் நடத்தியது. 2008-இல் அது லாஸ் வேகாஸில் நடந்தது. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே வந்த மைக்ரோசாப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சூதாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடுவார்களே, அந்த வட்ட வில்லை. அதை வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். கூடவே ஓர் இணையதள முகவரி. "வி.எம்.வேர் ரொம்ப விலை சொல்லுது" என்பதுதான் அந்த முகவரிக்குப் பொருள்! (சிரிப்பு) கல்யாண வீட்டு வாசலிலே நின்றுகொண்டு, "பொண்ணுக்குப் போட்ட நகை கவரிங்" என்று நோட்டீஸ் கொடுத்தால் பெண் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அடுத்த ஆண்டு, 2009-இல், மைக்ரோசாப்டுக்கும் சிட்ரிக்ஸ் என்ற இன்னொரு போட்டிக் கம்பெனிக்கும் 10-க்கு 10 அடிதான் இடம் கிடைத்தது. இலை உண்டு, ஆனால் கடைசிப் பந்தி!

இதைச் சொல்லிவிட்டு அந்தத் தலைவர் கேட்டார்: "வாடகை யார் கொடுத்தது? விளக்கு யார் போட்டது? கூட்டத்தைக் கூட்டியது யார்? ஊர் கூட்டி வைத்தவன் ஒருவன், வியாபாரம் பண்ணிக்கொண்டு போகிறவன் இன்னொருவனா?" நியாயமான கேள்வி. சொந்தக் காசில் விழா எடுக்கிறவர் யாரை அழைக்கலாம், யாரை விடலாம் என்பது அவருடைய உரிமை. அதை நான் மறுக்கமாட்டேன்.

அதே அணியில் அடுத்துப் பேசிய தம்பி ஒரு குரு-சிஷ்யன் கதை சொன்னார். ஆரக்கிள் என்பது பெரிய மென்பொருள் கம்பெனி. அதன் தலைவர் லாரி எலிசன். அவரிடம் 13 ஆண்டுகள் வேலை பார்த்தவர் மார்க் பெனியாஃப். பெனியாஃப் 1999-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்று தனிக்கடை வைத்தபோது, எலிசனே கைப்பணம் போட்டு உதவினார். சிஷ்யன் லேசுப்பட்டவர் இல்லை. 2000-இல் சீபல் என்ற போட்டிக் கம்பெனி சான் பிரான்சிஸ்கோவில் கூட்டம் நடத்தியபோது, நடிகர்களைக் கூலிக்குப் பிடித்து, "மென்பொருள் ஒழிக" என்கிற மாதிரி அட்டையைத் தூக்கவைத்து, வாசலில் போலிப் போராட்டம் நடத்தியவர். அதைப் படம் பிடிக்கப் போலி டி.வி.காரர்கள் வேறு! (சிரிப்பு, கைதட்டல்)

அப்படிப்பட்டவர் 2011 அக்டோபரில் குருவின் மாநாட்டில், ஆரக்கிள் ஓப்பன்வேர்ல்டில், பணம் கட்டி, பேசுவதற்கு நேரமும் வாங்கிவிட்டார். புதன்கிழமை காலை பேச்சு. முதல் நாள் தகவல் வருகிறது: உங்கள் பேச்சு வியாழன் காலை 8 மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று. கூட்டம் அதிகமாகிவிட்டது, அதனால் மாற்றினோம் என்றது ஆரக்கிள். என்னை வெட்டிவிட்டார்கள் என்றார் பெனியாஃப். உடனே பக்கத்து ஹோட்டலில் ஓர் உணவகத்தைப் பிடித்தார். அதே புதன்கிழமை அங்கே பேசினார். பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அங்கே! அன்று மாலை எலிசன் தன் மேடையில் சேல்ஸ்ஃபோர்ஸைப் பெயர் சொல்லியே வாங்கு வாங்கென்று வாங்கினார்.

தம்பி இந்தக் கதையைத் தன் கட்சிக்கு ஆதரவாகச் சொன்னார். எனக்கு என்னமோ இது எதிர்க்கட்சிக்குத்தான் சாதகமாகப் படுகிறது. (சிரிப்பு) ஏனென்றால், உள்ளே பேசியிருந்தால் பல பேச்சில் ஒரு பேச்சாகப் போயிருக்கும். வெளியே தள்ளியதால் அன்றைக்கு அதுவே செய்தியாகிவிட்டது. இன்னொன்று, வெறும் இரண்டே ஆண்டில், 2013 ஜூனில், இந்த இரண்டு கம்பெனியும் சேர்ந்து 9 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தன. சண்டை போட்ட சம்பந்திகள் பேரன் பிறந்ததும் சேர்ந்துகொள்வதில்லையா? தொழிலில் நேற்றைய எதிரி நாளைக்குப் பங்காளி. கதவைச் சாத்தும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் சாத்த வேண்டும்.

இரண்டாம் அணியில் பேசிய பேராசிரியை நம்மை 1851-ஆம் ஆண்டு லண்டனுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஹைட் பூங்காவில் கண்ணாடியால் ஒரு மாளிகை எழுப்பி, உலக நாடுகளின் சரக்கையெல்லாம் வைத்த மாபெரும் பொருட்காட்சி அது. அப்போது இங்கிலாந்தின் பூட்டுகளுக்குப் பெரிய பேர். சப் என்ற கம்பெனி, பிராமா என்ற கம்பெனி. பிராமா கடைக்காரர் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, "இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு" என்று எழுதியே வைத்திருந்தார். பல்லாண்டுகளாக ஒருவராலும் முடியவில்லை. பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்கிற பூட்டு வியாபாரி வந்தார். சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டோடு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் மல்லுக்கட்டினார். அதுவும் திறந்துவிட்டது!

இங்கிலாந்தே ஆடிப்போனது. ஆனால் யாருக்கு லாபம்? அந்தப் பூட்டை நம்பி வீட்டில் நகை வைத்திருந்தவருக்கு லாபம். தன் பூட்டில் எங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்ட கம்பெனிக்கும் லாபம். "போட்டியாளன் இல்லாத சபையில் நம் சரக்கின் குறையைச் சொல்ல ஆளே இருக்காது" என்றார் பேராசிரியை. அருமையான வாதம். அந்தப் பொருட்காட்சி ஒரு தனிக் கம்பெனி தன் சரக்குக்காக எடுத்த விழா அல்ல என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அது ஊர்ச் சந்தை. இந்த வேறுபாடு தீர்ப்புக்கு வேண்டியிருக்கிறது.

நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசையாகச் சொல்லும். கப்பலில் ஆடும் கொடி உண்டு, கள்ளுக்கடைக் கொடி உண்டு, கற்றவர்கள் வாதுக்கு அழைத்துக் கட்டிய கொடியும் உண்டு. சரக்கு இறங்கும் ஊரிலேயே வாதமும் நடந்திருக்கிறது. அதுதான் உயிருள்ள சந்தைக்கு அடையாளம்.

சரி, இன்றைய தலைப்புக்கு நடுநாயகமான வழக்குக்கு வருவோம். 2013 தொடக்கத்தில் அதே வி.எம்.வேர், தன் கூட்டாளிக் கம்பெனிகளுக்காக லாஸ் வேகாஸில் நடத்திய கூட்டத்துக்கு இரண்டு பேரை வரவேண்டாம் என்றது. ஒன்று வீம், மற்றொன்று நூட்டானிக்ஸ். வீம் என்பது அந்த ஒண்டுக்குடித்தனக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் தகவலுக்குப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கிற கம்பெனி. நூட்டானிக்ஸ் கணக்குப் போடும் பெட்டியையும் சேமித்து வைக்கும் பெட்டியையும் ஒன்றாக்கி விற்கிற கம்பெனி. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் வி.எம்.வேரின் கூட்டாளிகள்தான்! ஆனால் வி.எம்.வேரும் பிரதி எடுக்கும் மென்பொருளை விற்கத் தொடங்கியிருந்தது. அதன் தாய்க் கம்பெனியான இ.எம்.சி.யோ சேமிப்புப் பெட்டி விற்பதையே தொழிலாகக் கொண்டது. கூட்டாளி எப்போது பங்காளி ஆனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகு என்ன ஆனது? இருவரும் தங்களுக்கென்று தனிப் பந்தல் போட்டார்கள். வீம் 2014-இல் சொந்த மாநாடு நடத்தியது. நூட்டானிக்ஸ் 2015-இல் மயாமியில் நடத்தியது. அந்தக் கூட்டத்திலேயே, வி.எம்.வேர் விற்கிற அதே வகைத் தடுப்பு மென்பொருளைத் தானும் தருவதாக அறிவித்தது. வாசலில் நிறுத்தியதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தியதால் எதையும் தடுக்க முடியவில்லை என்று சொல்கிறேன். (கைதட்டல்)

இப்போது வாங்குபவரைப் பாருங்கள். 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி எப்போதும் வைத்துக்கொள்ளும் முறையை நிறுத்திவிட்டு, சந்தா முறைதான் என்றது. சொந்த வீடு என்று நினைத்திருந்தவருக்கு, மாத வாடகைச் சீட்டு வந்த கதை. செலவு ஏறிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் பலர் புலம்பினார்கள். அப்போது அந்த மனிதருக்கு என்ன வேண்டும்? "வேறு யாரிடம் இது கிடைக்கும்?" என்ற கேள்விக்கு விடை வேண்டும். முன்பு ஒரு கண்காட்சியில் எதிர்க் கடையில் நின்று நாலு கேள்வி கேட்டவருக்கு அந்த விடை தெரியும். ஒரே கடையை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது. அதற்கான விலையை அவர் மட்டுமா கொடுப்பார்? அந்த ஆஸ்பத்திரி பில்லில் நம் பங்கும் வந்து சேரும்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

மேடை பந்தல் போட்டவருக்கு. அவர் மைக்கைப் போட்டியாளருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. கொடுத்தால் அது பெருந்தன்மை. 1997-இல் பாஸ்டனில் நடந்த மேக்வேர்ல்டு மாநாட்டில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், போட்டியாளர் பில் கேட்ஸின் முகத்தைப் பெரிய திரையில் காட்டினார். கூட்டம் கூச்சல் போட்டது. ஜாப்ஸ் அசரவில்லை. ஆப்பிள் ஜெயிக்க மைக்ரோசாப்ட் தோற்கவேண்டியதில்லை என்று தன் ஆட்களுக்கே பாடம் நடத்தினார். அன்று மைக்ரோசாப்ட் போட்ட முதலீடு 15 கோடி டாலர்.

கடைத்தெரு வந்தவருக்கு. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, விமானம் ஏறி வந்தவரிடம் "இது எங்கள் துறையின் கண்காட்சி" என்று சொன்னால், அது சந்தை. சந்தையில் போட்டியாளருக்கும் ஒரு ஸ்டால் உண்டு. பக்கத்துக் கடைக்காரரைக் கேலி செய்யக்கூடாது, நோட்டீஸ் வீசக்கூடாது என்று கட்டுப்பாடு வையுங்கள். அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

வீட்டு விசேஷம் என்றால், பத்திரிகையிலேயே அப்படிப் போட்டுவிடுங்கள். கூட்டாளிகளுக்கு மட்டும் என்றால் யார் கூட்டாளி, யார் இல்லை என்பதைப் பணம் வாங்கும் முன்னாலேயே சொல்லுங்கள். அழைக்காமல் இருப்பது உரிமை. அழைத்துவிட்டு, இலை போட்ட பிறகு எழுப்பிவிடுவது இழுக்கு.

எனவே, விலக்கும் உரிமை உண்டு என்று நிறுவிய முதல் அணிக்கு என் பாராட்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவு என்று வாதிட்ட இரண்டாம் அணிக்கு என் தீர்ப்பு. தன் சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவன் எதிர்க்கடையைப் பார்த்துப் பயப்படமாட்டான் என்று கூறி, விடைபெறுகிறேன்.