இரண்டாம் மொழி வகுப்பில் ஆசிரியர் கதைசொல்லல்

இரண்டாம் மொழி கற்பித்தலில் கதை பெரும்பாலும் பாடம் முடிந்தபின் எஞ்சும் நேரத்திற்குரிய பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. கதையையே பாடமாக்கும்போது கற்போரின் ஆர்வமும் மொழித்திறனும் ஒருங்கே வளர்வதற்கு வழியுண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. ஏவலிலிருந்து கதைக்கு

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உடலியக்கவழிக் கற்பித்தல் முறையை வகுத்தார். ஆசிரியர் ஏவுவார், மாணவர் அதன்படி இயங்குவர், பேசுமாறு தொடக்கத்தில் வற்புறுத்தப்படுவதில்லை. ஆனால் ஏவல்களே தொடர்ந்தால் சலிப்புத் தோன்றும். கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி கற்பித்த பிளேன் ரே இக்குறையை நீக்கும் பொருட்டுக் கதைசொல்லலை இம்முறையோடு இணைத்தார்.

இதில் மூன்று படிகள் உள்ளன. முதலில், புதிய தொடர்கள் சிலவற்றின் பொருள் மாணவரின் தாய்மொழியிலேயே தரப்படும். அடுத்து, 'யார்?', 'எங்கே?', 'ஏன்?' என்னும் வினாக்களுக்கு மாணவர் தரும் விடைகளால் கதை வளரும். இறுதியில் அவர்கள் கதையை வாசிப்பர். கதைமாந்தரின் பெயரையும் ஊரையும் தாமே முடிவு செய்வதால் மாணவர் அக்கதையைத் தமதாகக் கருதுகின்றனர். ஒரே தொடர் பலமுறை ஒலித்தாலும், அடுத்து நிகழ்வதை அறியும் ஆவல் அலுப்பைத் தடுக்கிறது. புரியத்தக்க உள்ளீடும் அச்சமற்ற மனநிலையும் மொழிப்பேற்றுக்கு இன்றியமையாதவை என்னும் ஸ்டீபன் கிராஷனின் கருத்து இம்முறைக்கு அடிப்படையாகும்.

2. தமிழுக்குப் பொருந்துமாறு

தமிழில் ஒருமை ஏவல் பெரும்பாலும் வினையடியாகவே நிற்கும். 'நட', 'ஓடு', 'எடு' என்பவற்றை மட்டும் கேட்பவர் 'நடந்தான்', 'ஓடினான்', 'எடுத்தான்' என இறந்தகால வடிவங்கள் வேறுபடுவதை அறிய இயலாது. கதை இவ்வடிவங்களையும் 'வந்து பார்த்துவிட்டுப் போனான்' போன்ற வினையெச்சத் தொடர்களையும் இயல்பாகத் தருகிறது.

'ஒரு கிழவி இருந்தாளாம்' என்பதிலுள்ள 'ஆம்' செய்தியைப் பிறர்வாய்க் கேட்டதாகக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பில் இதை ஒவ்வொரு வாக்கியத்திலும் தனித்தொடராகப் பெயர்த்தால் நடை கனக்கும். முற்றிலும் விட்டால் கதைசொல்லியின் குரல் மறையும்.

பேச்சுவழக்கில் சொன்ன கதையையே எழுத்துவழக்கில் வாசிக்கச் செய்வது மற்றொரு பயன். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் மாணவரின் கவனம் வடிவ வேறுபாட்டில் நிலைக்கும்.

3. வரம்பு

புதுச்சொற்கள் மிகுந்தால் மாணவர் ஆசிரியரின் மெய்ப்பாட்டைக் கண்டு மகிழ்வரேயன்றி மொழியைப் பெறார். எனவே சொல்லளவு வரையறுக்கப்பட வேண்டும். மாணவர் பிறகு அக்கதையைத் தம் சொற்களில் கூறவும் வேண்டும். கதை பயன்பட்டதா என்பதை வகுப்பில் எழும் சிரிப்பைவிட அம்மறுகூறலே தெளிவாக உணர்த்தும்.