வயலுக்குப் போகும்போது நாய் கயிற்றில் இருக்கட்டும்!

தை, மாசி அறுவடை முடிந்ததும் காரைக்குடி, கல்லல், தேவகோட்டை வட்டாரங்களில் கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டி வந்து வயல்களில் கிடை போடுவது வழக்கம். புழுக்கை, மூத்திரம் இரண்டும் வயலிலேயே விழுவதால் வண்டிக்கூலி இல்லாமல் நல்ல உரம் கிடைக்கிறது. மானாவாரி நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிக்கு இது பெரிய உதவி. ஆனால் வயலைப் பார்க்கப் போகிறவர் பின்னால் அவிழ்த்துவிட்ட நாயும் சென்றால், இந்த உதவிக்கே ஊறு நேரிடும்.

கடிக்காவிட்டாலும் நட்டம்

நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் ஆடுகள் மிரண்டு கிடையை விட்டு ஓடும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுத் திணறி இறப்பதும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுவதும் உண்டு. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். சினை முற்றிய ஆடு விரட்டப்பட்டால் கரு சிதையக்கூடும். ஆடுகளை இழந்த கீதாரி அடுத்த ஆண்டு அந்த ஊருக்கு வரத் தயங்குவார். கிடை உரத்தை இழப்பவர் வயல்காரரே.

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பகுதியில் நாய்கள் கடித்து ஏராளமான ஆடுகள் மடிந்ததால் விவசாயிகள் போராடினர். 2025-இல் தெருநாய் கடித்து இறக்கும் ஆட்டுக்கு ரூ.6,000 இழப்பீட்டை அரசு அறிவித்தது. ஆனால் வீட்டு நாய் செய்யும் சேதத்துக்கு வளர்ப்பவரே பொறுப்பாவார்.

கிடைக்காவல் நாய் ஆட்டை ஏன் விரட்டுவதில்லை? குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வதால்தான். வீட்டில் வளரும் நாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

கவனிக்க வேண்டியவை

1. வயலுக்கு அழைத்துச் செல்லும்போது கழுத்துப் பட்டையும் 6 அடிக் கயிறும் அவசியம். கிடை தென்பட்டால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து விலகிச் செல்லவும்.

2. இரவில் நாயை அவிழ்த்துவிட வேண்டாம். பல நாய்கள் கூடினால் சாதுவான நாயும் வேட்டையில் இறங்கும்.

3. கூப்பிட்டவுடன் திரும்பி வரக் குட்டியிலேயே பழக்கவும்.

4. 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடரவும்.

5. ஆட்டுத் தலை, குடல் கழிவுகளைப் பச்சையாகப் போடக்கூடாது. அவற்றிலிருந்து நாய்க்கு நாடாப்புழு தொற்றும். நாயின் மலத்தில் வெளிவரும் முட்டைகளைப் புல்லோடு தின்னும் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, அது சுற்றிச் சுற்றி வந்து மடியும். 3 மாதத்திற்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுக்கவும்.

கடிபட்டால்

ஆட்டின் காயத்தைச் சுற்றியுள்ள ரோமத்தை வெட்டி, கையுறை அணிந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவனிக்காத காயத்தில் புழு வைத்துவிடும். மனிதரைக் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு தடவிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கிடை வருவதற்கு முன்பே, மார்கழியிலேயே இவற்றை முடித்துக்கொள்வது நலம்.